எழுத்துப்பிழை திருத்த அரைத்தானியங்கிக் கருவி: அனுமதி வேண்டுகோள்

வெண்பலகை

அனைவருக்கும் வணக்கம். நம் கலைக்களஞ்சியத்தில் 4 ஆண்டுகளாகக் கையால் எழுத்துப்பிழை திருத்தி வருகிறேன். ‘முயற்ச்சி’ என்ற ஒரே சொல்லை ஒரே மாலையில் 30 கட்டுரைகளில் திருத்தியவர்களுக்கு நான் எதற்காக இங்கே வந்திருக்கிறேன் என்று புரியும். ஆட்டோவிக்கிபிரவுசர் கருவியைப் பயன்படுத்த அனுமதி கேட்கிறேன்.

கருவியை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கங்களின் பட்டியலையும், எதை எதுவாக மாற்ற வேண்டும் என்ற விதிகளையும் நாம் கொடுக்கிறோம். அது ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, மாற்றத்தைச் செய்து, பழைய வரியையும் புதிய வரியையும் அருகருகே காட்டுகிறது. சேமிக்கும் பொத்தானை நான் அழுத்தினால் சேமிக்கும். தவிர் என்றால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். முழுத்தானியங்கி அல்ல.

நான் எழுதி வைத்திருக்கும் விதிகள் ஐந்து. றகர மெய்யை அடுத்து வரும் தேவையற்ற ஒற்றை நீக்குவது (முயற்ச்சி, பயிற்ச்சி, கற்ப்பனை). அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின் வல்லினம் வந்தால் ஒற்று இடுவது. ஐ, கு வேற்றுமை உருபுகளுக்குப் பின்னும் அப்படியே. ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து ஔகாரமாகத் தட்டச்சு செய்தவற்றை உண்மையான ஔ ஆக்குவது. உயிரெழுத்துக்கு முன் வரும் ‘ஒரு’வை ‘ஓர்’ ஆக்குவது.

நிர்வாகிகள் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

கற்றாழை

முழு ஆதரவு. எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை. கையோடு ‘வருடம்’ என்பதையெல்லாம் ‘ஆண்டு’ என்று மாற்றிவிடுங்கள். ‘ஸ்தாபனம்’ கண்ணில் பட்டால் அதையும்.

ஊசிமுனை

எதிர்க்கிறேன். வெண்பலகை அவர்களின் உழைப்பில் எனக்கு ஐயமில்லை. என் ஐயம் அவருடைய மூன்றாவது விதியில் இருக்கிறது.

ஐகாரத்தில் முடியும் சொல்லெல்லாம் இரண்டாம் வேற்றுமை அல்ல. யானை, மலை, பறவை, குழந்தை எல்லாம் எழுவாயாகவே ஐயில் முடிகின்றன. ‘மலை பெரியது’ என்பதை உங்கள் கருவி ‘மலைப் பெரியது’ ஆக்கும். இது கண்ணை உறுத்தும், பிடித்துவிடலாம். பிடிக்க முடியாதவையும் உண்டு. ‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி தந்தான். ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் கையிலிருந்த வேலைத் தந்தான். ஒரு மெய்யெழுத்தில் ஆயுதம் வந்துவிடுகிறது. கருவிக்கு இரண்டும் ஒன்றுதான்.

கற்றாழை அவர்களுக்கு: உங்கள் ‘வருடம்’ விதியை யாராவது கொஞ்சம் அகலமாக எழுதிவிட்டால், ‘தென்றல் மெல்ல வருட’ என்ற வரி ‘தென்றல் மெல்ல ஆண்டு’ என்று ஆகிவிடும். சொல்லத் தோன்றியது.

வெண்பலகை

ஐகாரச் சிக்கல் தெரிந்ததுதான். ஐயில் முடியும் பெயர்ச்சொற்களைத் தொகுத்து ஒரு விலக்குப் பட்டியல் வைத்திருக்கிறேன். அதில் இருக்கும் சொல்லைக் கருவி தொடாது. தப்பி வருபவற்றை நான் கண்ணால் பார்ப்பேன். ‘அரை’ என்ற சொல் அதற்காகத்தானே இருக்கிறது?

‘வருடம்’ என் பட்டியலில் இல்லை, வராது. அது பிழையும் அல்ல.

நிரல்பூச்சி

விதிகளின் மொழியியலைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு வேறு கவலை. ரெஜெக்ஸில் (உரையில் தேட வேண்டிய வடிவத்தை எழுதும் குறிமுறை) சொல் தொடங்கும், முடியும் இடத்தைக் காட்டும் சொல்லெல்லைக் குறியை நம்பி எழுதியிருக்கிறீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், அந்தக் குறி ஆங்கிலத்தை மனத்தில் வைத்து உருவானது. பைத்தானின் வழக்கமான ரெஜெக்ஸ் தொகுதி தமிழ் அகரமேறிய மெய்யை எழுத்தாக ஏற்றுக்கொள்ளும். அதன் மேல் ஏறும் கொம்பையும் கொக்கியையும் புள்ளியையும் எழுத்தாகக் கருதாது. விளைவு: ‘பல’ என்ற தனிச்சொல்லைத் தேடச் சொன்னால் பலி, பலா, பலூன் எல்லாம் வலையில் விழும். லகரத்தோடு சொல் முடிந்துவிட்டதாக அது நினைத்துக்கொள்கிறது. ‘பலம்’ விழாது, ஏனென்றால் மகரம் எழுத்து. இந்த அரைகுறை நடத்தைதான் ஆபத்து. சோதித்த நாலு சொல்லில் சரியாக இருக்கும், ஐந்தாவதில் காலை வாரும். ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்னும் மோசம், தமிழ்ச் சொல்லுக்கு எல்லையே இல்லை என்று முடிவு கட்டிவிடும். பைவிக்கிபாட் என்ற விக்கித் தானியங்கி நிரல் கொண்டு முன்பு ஒரு தனிப்பட்ட விக்கியில் நான் செய்த மாற்றம் ஒன்றைத் திருப்ப ஒரு வாரம் ஆனது. அன்றிலிருந்து எல்லையை நானே எழுதுகிறேன்: முன்னும் பின்னும் தமிழ் எழுத்துத் தொகுதியின் எந்தக் குறியும் இருக்கக் கூடாது என்று.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. உங்கள் இரண்டாவது விதிக்கு இடப்பக்க எல்லையே தேவையில்லை. அ, இ, எ ஆகிய உயிரெழுத்துகள் தமிழில் சொல்லின் முதலில்தான் தனி வடிவில் வரும். ‘வந்த பையன்’, ‘தந்த பணம்’ ஆகியவற்றுக்குள் ‘அந்த’ ஒளிந்திருக்காது. ஆங்கிலக்காரர்களுக்கு இல்லாத வசதி இது.

வெண்பலகை

எல்லைக் குறியைத்தான் பயன்படுத்தியிருந்தேன். மாற்றிவிடுகிறேன், நன்றி. பலூன் வரை யோசித்திருக்கவில்லை.

அலைகடல்

வணக்கம். நான் இலங்கைத் தமிழ் வழக்கில் எழுதுகிறவன். இப்படிக் கருவிகள் வரும்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் ஒரு பதற்றம் உண்டாகும், அதை மறைக்க விரும்பவில்லை. ‘ஒக்டோபர்’ எங்களுக்குப் பிழையன்று. ‘ரொறன்ரோ’ பிழையன்று. ஆங்கிலச் சொல்லின் ஈற்றில் வரும் டகர ஒலியை ‘இன்ரர்நெற்’, ‘பிஸ்கற்’ என்று றகர மெய்யால் எழுதுவது எங்கள் வழக்கு. முதல் விதி றகர மெய்யைத் தொடுகிறது என்று படித்ததும் நெஞ்சு கொஞ்சம் திடுக்கிட்டது.

ஊரைக் கேட்காமல் ஒருவருடைய விதிப்பட்டியல் இன்னொருவருடைய எழுத்துமுறையைத் துடைத்துவிடக் கூடாது. இதற்கு உறுதி கிடைத்தால் எனக்கு மறுப்பில்லை.

வெண்பலகை

அலைகடல் அவர்களுக்கு: முதல் விதி மூன்று சேர்க்கைகளை மட்டும் தொடும். றகர மெய்யை அடுத்துக் ககர மெய்யும் ககரமும், சகர மெய்யும் சகரமும், பகர மெய்யும் பகரமும் இரட்டித்து வருவது. இந்த மூன்றும் எந்த வழக்கிலும் சொல்லுக்குள் வராது என்று நம்புகிறேன். ய், ர், ழ் ஆகிய மூன்று மெய்களுக்குப் பின்தான் இன்னொரு மெய் வரலாம் என்பது நன்னூல் காலத்து விதி: வாய்ப்பு, பார்க்க, வாழ்த்து. றகரம் அந்தப் பட்டியலில் இல்லை. ‘பிஸ்கற்’ பத்திரமாக இருக்கும். மாதப் பெயர், ஊர்ப் பெயர், கிரந்த எழுத்து எதையும் தொட மாட்டேன்.

அலைகடல்

அப்படியெனில் முதல் விதிக்கு ஆதரவு. ‘முயற்ச்சி’ எங்கள் பக்கத்திலும் பிழைதான், அதில் இரு கரைக்கும் ஒற்றுமை உண்டு.

நாணல் (நிர்வாகி)

உரையாடல் நல்ல திசையில் போகிறது. நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவியைப் பயன்படுத்த, அனுமதி பெற்ற பயனர் பட்டியலில் பெயர் சேர வேண்டும். அதைச் சேர்ப்பது எங்களுக்கு ஒரு நிமிட வேலை. ஆனால் சேர்த்த பிறகு உங்களைத் தடுக்க இருக்கும் ஒரே வழி மறுபடி நீக்குவதுதான். நடுவில் எதுவும் இல்லை. அதனால்தான் முதலிலேயே இவ்வளவு கேள்வி.

முதலில் 50 தொகுப்புகள் (பக்கத்தை மாற்றிச் சேமிப்பது ஒவ்வொன்றும் ஒரு தொகுப்பு) மட்டும் சோதனையாகச் செய்யுங்கள். எல்லா விதிகளும் கலந்து இருக்கட்டும். தொகுப்புச் சுருக்கத்தில் எந்த விதி என்று குறிப்பிடுங்கள். யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

இன்னொன்று. வெற்றிடம் நீக்குவது, வார்ப்புருவின் பெயரில் எழுத்தைச் சீராக்குவது போல வாசிப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாத மாற்றத்தை மட்டும் செய்து ஒரு தொகுப்பைச் சேமிக்க வேண்டாம். கருவியின் பொதுவிதியிலேயே அது இருக்கிறது. ஒரு காற்புள்ளி வெற்றிடத்துக்காக பக்கங்களைப் பின்தொடரும் நூறு பேருடைய கவனிப்புப் பட்டியல் நிரம்பினால், அடுத்து வரும் உண்மையான நாசவேலை அந்தக் கூட்டத்தில் மறைந்துபோகும்.

மூன்றாம் வாசகர்

சோதனைக்கு முன் ஒரு நெருடலைச் சொல்லிவிடுகிறேன். ‘அந்தப் பையன்’ சரி. ‘அந்தப் பஸ்’?

தமிழில் பகரம் ஒன்றுதான், எழுத்தைப் பார்த்து ஒற்று இடலாம் என்பது ஒரு கட்சி. ஆனால் பஸ் என்பதில் வருவது மெல்லிய ஒலி. ஒற்று இட்டால் வல்லொலியாகப் படிக்க வேண்டியிருக்கும். ‘இந்தப் பாக்டீரியா’ என்று எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பாக்கு, பாட்டி வரிசையில் சேர்ந்துகொள்கிறது. ‘இந்தக் கூகுள்’ என்பதும் அப்படித்தான். நான் ஒற்று இடாமல் எழுதுகிறவன். அதைப் பிழை என்று ஒரு கருவி வந்து திருத்தினால் மல்லுக்கு நிற்பேன்.

ஊசிமுனை

நான் இதில் எதிர்க்கட்சி. எழுத்துத் தமிழுக்கு ஒலி வேறு, எழுத்து வேறு. ‘அந்தக் குதிரை’ என்கிறோம். ‘என் குதிரை’ என்கிறோம். இரண்டிலும் ககரம் வல்லொலிதான், ஒற்று ஒன்றில்தான். ‘அந்தப் பஸ்’ என்று எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை.

ஆனால் இது என் கட்சி என்பதாலேயே கருவி அதைச் செய்யக் கூடாது. கற்றவர்கள் இரண்டு விதமாக எழுதும் இடத்தில் இயந்திரத்தை ஒரு பக்கம் நிறுத்துவது நியாயமல்ல.

மூன்றாம் வாசகர்

நம் இருவருக்கும் முதல்முறையாக உடன்பாடு. நாளைக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

வெண்பலகை

50 தொகுப்புகளை முடித்துவிட்டேன். ஒரே மூச்சில் செய்யவில்லை, இரண்டு மாலைகள். பிறமொழிப் பெயர்களுக்கு முன் ஒற்று வந்த இடங்களைத் தவிர்த்தேன். விலக்குப் பட்டியலில் இல்லாத ஐகாரப் பெயர்கள் சில தலைகாட்டின, அவற்றையும் தவிர்த்தேன். பார்த்துச் சொல்லுங்கள்.

ஊசிமுனை

50ஐயும் பார்த்தேன். 46 சரி. மீதி நான்கைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு பழைய நூலின் தலைப்பு. அதன் அட்டையில் ‘ஒரு’ என்றுதான் இருக்கிறது, நீங்கள் ‘ஓர்’ ஆக்கிவிட்டீர்கள். நூலாசிரியர் எழுதிய தலைப்பைத் திருத்தும் உரிமை நமக்கு இல்லை. இரண்டாவது, கல்வெட்டு வாசகம். கல்லில் ஒற்று இல்லை. கட்டுரையில் இப்போது இருக்கிறது. அந்த வரியை ஆதாரமாக எடுத்துக்கொள்ளும் மாணவனை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது, வேறொரு கட்டுரைக்குப் போகும் உள்ளிணைப்பு ஒன்றின் உள்ளே மாற்றியதால் அது இல்லாத பக்கத்தைக் காட்டும் சிவப்பிணைப்பாகிவிட்டது.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது. சங்கப் புலவர் பாலை பாடிய பெருங்கடுங்கோவை நீங்கள் ‘பாலைப் பாடிய பெருங்கடுங்கோ’ ஆக்கியிருக்கிறீர்கள். கலித்தொகையில் பாலைத்திணையைப் பாடியவர். உங்கள் விலக்குப் பட்டியலில் பாலை இல்லை போலும். கருவி அதைப் பால் என்று நினைத்து இரண்டாம் வேற்றுமை கண்டுபிடித்துவிட்டது. 2,000 ஆண்டுகளாக அவர் பெயரில் இல்லாத ஒரு பகர மெய்யை நாம் சேர்த்திருக்கிறோம்.

கவனியுங்கள், நான்கிலும் சேமிக்கும் பொத்தானை அழுத்தியது நீங்கள். கருவி முன்மொழிந்தது, மனிதர் வழிமொழிந்தார். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 37வது தொகுப்பில் யாருடைய கண்ணும் அப்படித்தான் இருக்கும். முதல் பத்து சரியாக வந்ததும் பதினொன்றாவதை நாம் படிப்பதில்லை, பார்க்கிறோம். 50ல் நான்கு என்பது 1,000ல் 80. அந்த 80ஐ யார் தேடுவார்?

கற்றாழை

46 சரியானதை ஒருவரும் பேசவில்லை. கையால் செய்தால் மட்டும் தவறே வராதா? நான் கையால் திருத்தியபோது ஒரு கட்டுரையின் முதல் பத்தியையே அழித்திருக்கிறேன்.

ஊசிமுனை

வரும். ஆனால் நீங்கள் அழித்தது ஒரு பத்தி, ஒரு கட்டுரை. கருவியின் தவறு ஒரே அச்சில் வார்த்தது போல எல்லா இடத்திலும் வரும். பரவலாக இருப்பதாலேயே நாளடைவில் அது சரி போலவும் தோன்றும். நம் உரையைப் பிறர் எடுத்து எங்கெங்கோ போடுகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

வெண்பலகை

நான்கையும் மீளமைத்துவிட்டேன். பாலை பாடிய பெருங்கடுங்கோவிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். கல்வெட்டு வரியைச் சேமித்த கணம் எனக்கு நினைவில் இல்லை. மற்ற மூன்றில் ஏதோ ஒரு நியாயமாவது என் மனத்தில் ஓடியிருக்கும். அதில் ஒன்றுமே ஓடவில்லை. கை அழுத்தியிருக்கிறது, அவ்வளவுதான். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது விதியையும் ஐந்தாவது விதியையும் விலக்கிக்கொள்கிறேன்.

நள்ளிரவு நூலகர்

தாமதமாக வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த இழையில் ஒற்றைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். எனக்கு நான்காவது விதிதான் முதன்மையானது, அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

‘முயற்ச்சி’ என்று இருந்தால் வாசகர் முகம் சுளிப்பார், பொருள் புரிந்துகொள்வார். ஔவையாரை ஒகரமும் ளகரமுமாக ‘ஒளவையார்’ என்று தட்டச்சு செய்திருந்தால் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் ஒழுங்காக ‘ஔவையார்’ என்று தேடுகிறவருக்கு அந்த வரி கிடைக்காது. கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். கௌரவம், மௌனம், வௌவால், சௌராட்டிரம் என்று இப்படி ஒளிந்துகிடப்பவை எத்தனையோ. கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்த ஒகரக் குறியை யூனிக்கோடு ஒன்றாகச் சேர்த்துவிடும். நம் மென்பொருளும் சேமிக்கும்போதே அந்தச் சீராக்கத்தைச் செய்துவிடுகிறது. ஔகாரத்துக்கு அந்தக் கருணை கிடையாது. கொம்புக்குப் பின் நீங்கள் அடித்தது ளகரம் என்றால் அது ளகரம்தான். தமிழ் எண் ஏழைத் தட்டி ‘எ’ என்று நினைத்துக்கொள்வதும் இதே வகை.

ஒற்றுப்பிழை கட்டுரையின் அழகைக் கெடுக்கிறது. இந்தப் பிழை கட்டுரையையே காணாமல் ஆக்குகிறது. மனிதக் கண்ணுக்குப் பிடிபடாத பிழையைத் திருத்தத்தானே இயந்திரம் வேண்டும்?

நிரல்பூச்சி

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது. ‘ஒளி’ என்ற சொல்லின் முதல் இரண்டு குறிகள் ஒகரமும் ளகரமும்தான். ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் தொடக் கூடாது என்று விதியில் சொல்லாவிட்டால், நாட்டிலுள்ள ஒளியெல்லாம் அணைந்துவிடும். தெளிவு, வெள்ளம், பெள்ளம் எல்லாவற்றுக்கும் இதே காவல் வேண்டும். 

திருத்தம்: பெள்ளம் என்று ஒரு சொல் இல்லை. எழுத்துப்பிழை இழையில் எழுத்துப்பிழை. பள்ளம் என்று வைத்துக்கொண்டாலும் உதாரணம் தவறு, விட்டுவிடுங்கள்.

வெண்பலகை

அந்தக் காவல் ஏற்கெனவே இருக்கிறது. ‘ஒள’ என்பதற்குப் பின் வ, ட, ர ஆகிய எழுத்துகள் வந்தால் மட்டும் மாற்றுகிறேன்: ஔவை, ஔடதம், ஔரங்கசீப். சொல்லின் இடையில் வருபவற்றுக்கு விதி எழுதவில்லை. கௌரவம், மௌனம், வௌவால் என்று சொற்பட்டியலாகவே வைத்திருக்கிறேன். புதிய சொல் சேர்க்க வேண்டுமானால் இங்கே கேட்டுவிட்டுச் சேர்க்கிறேன்.

மூன்றாம் வாசகர்

ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு பயனர் ‘கம்ப்ரைஸ்டு ஆஃப்’ (comprised of, ‘கொண்டது’ என்ற பொருளில்) என்ற ஒரே ஒரு தொடரை 2007 முதல் திருத்திவந்தார். 2015ல் அது செய்தியானபோது அவருடைய திருத்தங்கள் 47,000ஐத் தொட்டிருந்தன. தேடித் தருவதற்கு நிரல் வைத்திருந்தாராம்; மாற்றுவது மட்டும் ஒவ்வொன்றாகக் கையால். அந்தத் தொடர் பிழையே அல்ல என்று வாதிடுகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள் என்பது தனிக் கதை.

தேடலை இயந்திரத்துக்கும் திருத்தத்தை மனிதருக்கும் பிரித்துக் கொடுத்த அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. ஒற்றுகளுக்கு இங்கும் அப்படிச் செய்யலாமே? வெண்பலகை அவர்களின் மூன்றாவது விதி ஒரு பட்டியலை மட்டும் தரட்டும். ஐயம் உள்ள வரிகளின் பட்டியல். விருப்பமுள்ளவர்கள் எடுத்துக் கையால் திருத்தட்டும்.

ஊசிமுனை

அந்தப் பட்டியலில் நான் தினமும் பத்து எடுத்துக்கொள்கிறேன். கேலியாகச் சொல்லவில்லை.

அலைகடல்

வேகம் பற்றி யாரும் பேசவில்லையே. ஒரே கணக்கிலிருந்து நிமிடத்துக்கு ஐந்தாறு தொகுப்புகள் வந்தால் அண்மைய மாற்றங்கள் பக்கம் முழுவதும் ஒரே பெயராக இருக்கும். தானியங்கிக் கொடி, அதாவது தானியங்கிக் கணக்கு என்ற அடையாளம், கொடுத்தால் மறைந்துவிடும் என்பது தெரியும். ஆனால் மறைந்தால் ஊசிமுனை அவர்கள் போல யாரும் பார்க்க இயலாது. எனக்கு மறையாமல், மெதுவாக வருவதே விருப்பம்.

நிரல்பூச்சி

ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்கு ஒரு நல்ல நிலைப்பாடு உண்டு. செய்தது நிரலா மனிதரா என்று அங்கே துருவிக்கொண்டிருப்பதில்லை. கவனமின்றி இயந்திர வேகத்தில் வந்தால் கையால் செய்திருந்தாலும் தானியங்கிக்குரிய விதிதான். அவசரமில்லாத தானியங்கி வேலைக்கே அங்கே 10 நொடிக்கு ஒரு தொகுப்பு என்பதுதான் வழிகாட்டல். மனிதர் படித்துப் பார்த்துச் சேமிப்பதாகச் சொன்னால், அதைவிட வேகமாக எப்படி வர முடியும்?

நாணல் (நிர்வாகி)

போதுமான கருத்துகள் வந்துவிட்டன. வெண்பலகை அவர்களுக்கு அனுமதி தருகிறேன், இப்படி:

முதல் விதியும் நான்காவது விதியும் நேரடியாக. இரண்டாவது விதி, பிறமொழிச் சொற்களுக்கு முன் தொடாமல். மூன்றாவது விதி ஐயப் பட்டியலாக மட்டும், கருவியால் திருத்தக் கூடாது. ஐந்தாவது இல்லை. மேற்கோள், நூல் தலைப்பு, கல்வெட்டு, செய்யுள், உள்ளிணைப்பு, கோப்புப் பெயர் ஆகியவற்றின் உள்ளே எந்த விதியும் நுழையக் கூடாது. இதற்காகத் தனிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். தானியங்கிக் கொடி கிடையாது. மணிக்கு 60 தொகுப்புக்கு மேல் வேண்டாம். யாராவது உங்கள் பேச்சுப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னால், அவர் சொல்வது தவறாகவே இருந்தாலும் முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு வாதிடுங்கள்.

புதிய விதி எதுவானாலும் மறுபடி இங்கே வர வேண்டும். உங்களை நம்புகிறோம், உங்கள் அடுத்த விதியை இன்னும் பார்க்கவில்லை.

கற்றாழை

அப்படியென்றால் ‘வருடம்’?

நாணல் (நிர்வாகி)

இல்லை.

வெண்பலகை

அனைவருக்கும் நன்றி. தனிக் கணக்கு தொடங்கிவிட்டேன். இன்று ஔகார விதியில் தொடங்குகிறேன். தவறான எழுத்துக்கூட்டலில் இருந்து சரியான கட்டுரைக்கு அனுப்பிவைக்கும் வழிமாற்றுப் பக்கங்களைத் தொட மாட்டேன். அப்படித் தட்டச்சு செய்து தேடுகிறவர்களுக்கு அவைதான் வாசல்.

ஊசிமுனை

வெண்பலகை அவர்களே, இன்றைய தொகுப்புகளைப் பார்த்தேன். எல்லாம் நன்று, ஒன்றைத் தவிர. ஔ என்ற எழுத்தைப் பற்றிய கட்டுரையில், ‘ஒளவை’ என்று எழுதுவது பிழை, ‘ஔவை’ என்பதே சரி என்று ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்தது. இப்போது அந்த வரி, ‘ஔவை’ என்று எழுதுவது பிழை, ‘ஔவை’ என்பதே சரி என்கிறது.

வெண்பலகை

மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதைத்தான் விலக்கியிருந்தேன், தடித்த எழுத்தை விலக்கவில்லை. திரையில் இரண்டு வரியும் ஒரே மாதிரி தெரிந்தன, அழுத்திவிட்டேன். நிறுத்திவிட்டேன். மீளமைத்துவிட்டேன். எழுத்துகளைப் பற்றிய பகுப்பிலுள்ள கட்டுரைகள் அனைத்தையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு நாளை தொடர்கிறேன்.

ஊசிமுனை

தொடருங்கள். ஐயப் பட்டியல் எப்போது வரும்? என் பத்து காத்திருக்கிறது.